கல்விக் கொடையும் காக்க வேண்டிய நிபந்தனையும்

கல்லூரிகள் திறக்கும் காலம் நெருங்கிவிட்டால் நம் இல்லங்கள் பலவற்றிலும் ஒரே பேச்சாக இருக்கும். எந்த அறக்கட்டளை உதவி செய்கிறது, எந்த ஜமாஅத்தில் படிவம் கொடுக்கிறார்கள், வருமானச் சான்றுக்கு எங்கே போவது, சென்ற ஆண்டின் மதிப்பெண் போதுமா என்பனவே அப்பேச்சு. உதவி கிடைத்துவிட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் அத்துடன் கவலை தீர்ந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்க வேண்டும். வருகைக் கணக்குக் காட்ட வேண்டும். தேர்வில் தேறியிருக்க வேண்டும். வேறெங்கும் உதவி பெறவில்லையென எழுதித் தர வேண்டும். "கொடுக்கிறவர் மனமுவந்து கொடுத்துவிட்டுப் போகலாகாதா? ஏழைக்கு இத்தனை கட்டுப்பாடுகளா?" என்று சிலர் மனம் நொந்து கேட்பதுண்டு. கொடுப்போரிலும் சிலர், "அல்லாஹ்வுக்காகக் கொடுத்தோம்; பின்னர்க் கணக்குக் கேட்பது அழகன்று" எனக் கூறி ஒதுங்கிக்கொள்கின்றனர்.

இவ்விரு கூற்றுகளும் நல்ல உள்ளத்தினின்றே பிறப்பன. ஆயினும், கல்விக்கு உதவித்தொகை வழங்கும் முறையை உலகில் பெரிய அளவில் நிலைநாட்டிய நம் முன்னோர் இவ்வாறு எண்ணவில்லை. அவர்கள் கொடுத்ததும் தாராளமாக. நிபந்தனை விதித்ததும் கண்டிப்பாக. நிபந்தனையைக் கொடுப்பவரின் அதிகாரமாகவோ பெறுபவரின் இழிவாகவோ அவர்கள் கருதவில்லை. அமானிதத்தின் வேலியென்றே கருதினர். அவ்வரலாற்றைச் சற்றே விரிவாக நோக்குவது இக்காலத்திற்குப் பயன் தருமென எண்ணுகிறோம்.

வேர்

கைபர் வெற்றிக்குப் பின் உமர் (ரலி) அவர்களுக்கு அங்கே ஒரு நிலம் கிடைத்தது. அதனினும் உயர்ந்த செல்வத்தைத் தாம் பெற்றதில்லையெனக் கருதிய அவர்கள், அதனை என்ன செய்வதென அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை நிலையாக நிறுத்திவைத்து, அதன் விளைச்சலைத் தருமம் செய்யலாமென நபிகளார் வழி காட்டினார்கள். அந்நிலம் விற்கப்படலாகாது, அன்பளிப்பாக அளிக்கப்படலாகாது, வாரிசுகளுக்குச் செல்லலாகாது என்ற நிபந்தனைகளுடன் உமர் (ரலி) அதனை அறமாக்கினார்கள். ஏழைகள், உறவினர், வழிப்போக்கர், விருந்தினர் முதலானோர் அதன் பயனைப் பெறுவோராகக் குறிக்கப்பட்டனர். அதனை நிர்வகிப்பவர் நியாயமான அளவு உண்ணலாம். அதைக்கொண்டு செல்வம் சேர்த்தல் ஆகாது.

வக்ஃபு என்னும் பெருமரத்தின் வேர் இதுவே. இங்கே மூவர் கட்டுண்டிருப்பதைக் காண்கிறோம். கொடுத்தவர் திரும்பப் பெற முடியாது. காப்பவர் தமக்கெனச் சேர்க்க முடியாது. பெறுபவர் குறித்த வகையினராக இருந்தாலன்றிப் பெற முடியாது. பின்னாளில் ஃபிக்ஹு மேதைகள், வக்ஃபு செய்தவரின் நிபந்தனை ஷரீஅத்தின் சட்டவாசகத்தை ஒத்த மதிப்புடையதென விதி வகுத்தனர். கல்விக்கென எழுந்த வக்ஃபுகள் யாவும் இவ்விதியின் மீதே நின்றன.

பக்தாதின் நிஜாமிய்யா

ஸல்ஜூக் ஸுல்தான்களான அல்ப் அர்ஸ்லானுக்கும் மலிக் ஷாவுக்கும் அமைச்சராக விளங்கியவர் நிஜாமுல் முல்க். நைஸாபூர், பல்க், ஹிராத், இஸ்பஹான், பஸ்ரா, மூஸில் முதலிய நகரங்களில் தம் பெயரால் மதரஸாக்களை நிறுவினார் அவர். அவற்றுள் தலையாயது ஹிஜ்ரி 459இல், அதாவது கி.பி. 1067இல், பக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா. அதற்கு முன்னரும் பள்ளிவாசல்களில் கல்வி நடந்தது. வெளியூர் மாணவர் தங்க விடுதிகளும் இருந்தன. ஆசிரியருக்கு ஊதியம், மாணவர்க்கு இருப்பிடம், உணவு, உதவித்தொகை ஆகிய அனைத்தையும் ஒரே வக்ஃபின் கீழ்க் கொணர்ந்து, பல நகரங்களில் அதனை நிலைபெறச் செய்ததே நிஜாமுல் முல்க்கின் சிறப்பு.

திறப்பு நாளன்றே ஒரு சோதனை நேர்ந்தது. தலைமைப் பேராசிரியராக நியமிக்கப்பட்டிருந்தவர் ஷாஃபி மத்ஹபின் பெருமேதை அபூ இஸ்ஹாக் ஷீராஸி (ரஹ்). மக்கள் திரண்டு காத்திருந்தனர், அவர் வரவில்லை. வழியில் ஓர் இளைஞன், அக்கட்டடத்திற்கென எடுக்கப்பட்ட இடமும் பொருள்களும் பிறரிடமிருந்து முறையின்றிப் பறிக்கப்பட்டவை என அவரிடம் கூறியதாகவும், அவர் அப்படியே திரும்பிச் சென்றதாகவும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அவருக்குப் பதிலாக இப்னுஸ் ஸப்பாஃக் (ரஹ்) இருபது நாள்கள் பாடம் நடத்தினார். பின்னர் வற்புறுத்தலுக்கிணங்கி ஷீராஸி அவர்கள் பொறுப்பேற்றார்கள். ஆயினும் தொழுகை நேரம் வந்தால் மதரஸாவினின்றும் வெளியேறி வேறு பள்ளிவாசலில் தொழுது வருவார்களாம்.

மாணவனின் தகுதியைச் சோதிக்குமுன் கொடையின் தூய்மையைச் சோதிக்க வேண்டும் என்பது இந்நிகழ்ச்சி தரும் பாடம். எழுதப்பட்ட நிபந்தனைகளுக்கெல்லாம் முற்பட்ட நிபந்தனை அது. உதவுவோர் வறியவரிடம் ஒழுக்கத்தை எதிர்பார்க்குமுன், தம் பொருள் வந்த வழியைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

ரொட்டிக்காகத் தொடங்கிய கல்வி

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இல்லை. ஹிஜ்ரி 450இல் தூஸ் நகரில் பிறந்த அவர்களின் தந்தையார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்தவர். மரணத் தறுவாயில், தம் மக்கள் முஹம்மது, அஹ்மது இருவரையும், தம் சிறு சேமிப்பையும் ஸூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, அவர்களைக் கற்பிக்குமாறு வேண்டிக்கொண்டார். அந்நண்பர் அமானிதத்தைச் செவ்வனே காத்தார். பணம் தீர்ந்ததும், "என்னிடம் வேறு பொருள் இல்லை; நீங்கள் ஏதேனும் ஒரு மதரஸாவில் மாணவராகச் சேருங்கள்; உணவுக்கு வழி பிறக்கும்" என்ற கருத்துப்பட அறிவுரை கூறினார். அவ்வாறே சேர்ந்தனர். பிற்காலத்தில் இமாமவர்கள் இதனை நினைவுகூர்ந்து, தாங்கள் அல்லாஹ்வுக்காக அன்றி வேறொன்றுக்காகக் கல்வியைத் தேடியதாகவும், கல்வியோ அல்லாஹ்வுக்கே அன்றி வேறெதற்கும் ஆக மறுத்துவிட்டதாகவும் கூறியதாக ஸுப்கி (ரஹ்) அவர்களின் வரலாற்று நூல் வழியே அறிகிறோம்.

உதவித்தொகை நாடிக் கல்வி கற்க வருவது குற்றமன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? வயிற்றுக்காக உள்ளே வந்த சிறுவர், உள்ளே வந்தபின் கற்றனர். அவருள் ஒருவர் நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் பயின்று, 1091ஆம் ஆண்டில் பக்தாது நிஜாமிய்யாவின் பேராசிரியராகவே அமர்ந்தார். வக்ஃபின் ரொட்டி அதற்குரிய பயனைத் தந்தது.

முஸ்தன்ஸிரிய்யாவின் பெருங்கொடை

உதவி எவ்வளவு தாராளமாக இருந்ததென்பதை அறிய, பக்தாதிலேயே எழுந்த மற்றொரு மதரஸாவை நோக்குவோம். அப்பாஸிய கலீஃபா அல்முஸ்தன்ஸிர் 1227இல் கட்டத் தொடங்கி 1234இல் திறந்துவைத்த முஸ்தன்ஸிரிய்யாவில் நான்கு மத்ஹபுகளுக்கும் இடமளிக்கப்பட்டது. ஒவ்வொரு மத்ஹபுக்கும் 62 மாணவர். ஆக மொத்தம் 248 பேர். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பேராசிரியர்; பாடத்தை மாணவர்க்கு மீண்டும் எடுத்துரைக்கும் முஈதுகள் நால்வர். இவையன்றி, ஹதீஸ் பயில்வோர்க்கும், மருத்துவம் பயில்வோர்க்கும், குர்ஆன் ஓதும் அநாதைச் சிறுவர்க்கும் தனித்தனி ஏற்பாடுகள் இருந்தன. மாணவர்க்கு நாள்தோறும் ரொட்டியும் இறைச்சியும், மாதந்தோறும் பொற்காசும் வழங்கப்பட்டன. எழுதத் தாளும் மையும், விளக்குக்கு எண்ணெயும், குளிக்கச் சோப்பும்கூட வக்ஃபின் கணக்கில் இருந்தன.

1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தனர். கிலாஃபத் வீழ்ந்தது. ஆனால் ஏறத்தாழ எழுபதாண்டுகள் கழித்து, 1327இல் பக்தாதுக்கு வந்த பயணி இப்னு பதூதா, முஸ்தன்ஸிரிய்யாவில் நான்கு மத்ஹபுகளின் பாடங்களும் நடந்துகொண்டிருப்பதைக் கண்டு எழுதிவைத்துள்ளார். மரக் கூண்டின் கீழ்ப் பேராசிரியர் அமைதியுடன் அமர்ந்திருக்க, வலப்பக்கமும் இடப்பக்கமும் முஈதுகள் பாடத்தை எடுத்தோதிய காட்சியை அவர் விவரிக்கிறார். கலீஃபாவின் வாள் காக்க முடியாததை அவர் செய்த வக்ஃபும் அதன் நிபந்தனைகளும் காத்தன எனலாம். டைக்ரீஸ் நதிக்கரையில் அக்கட்டடம் இன்றும் நிற்கிறது.

பெறுவதற்கும் தொடர்வதற்கும் உரிய விதிகள்

இனி அந்நிபந்தனைகளையே எடுத்துக்கொள்வோம். வக்ஃபுப் பத்திரங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. எனினும் சில பொதுக் கூறுகள் உண்டு. வருமானத்தில் முதற்செலவு கட்டடத்தைப் பழுது பார்ப்பதற்கு. அடுத்ததே ஊதியமும் உதவித்தொகையும். எத்தனை மாணவர், எந்த மத்ஹபினர், எவ்வளவு தொகை என்பன பத்திரத்திலேயே குறிக்கப்பட்டன. மாணவர் அனைவரும் ஒரே நிலையினராகக் கருதப்படவில்லை. தொடக்க நிலையினர், இடைநிலையினர், படிப்பின் முடிநிலையை எட்டிய 'முன்தஹீ' என்போர் எனப் படிகள் இருந்தன. படி உயர்ந்தால் தொகையும் உயரும்.

பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த தாஜுத்தீன் ஸுப்கி (ரஹ்), 'முஈதுன் நிஅம்' என்னும் தம் நூலில் ஸுல்தான் முதல் சாமானியத் தொழிலாளர் வரை ஒவ்வொருவரும் தாம் பெற்ற அருட்கொடைக்கு எவ்வாறு நன்றி செலுத்த வேண்டுமென எடுத்துரைக்கிறார். அதில் மதரஸா மாணவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. முன்தஹீக்குரிய உயர்ந்த தொகையைப் பெறுபவர் தமக்குக் கீழுள்ளோரைக் காட்டிலும் ஆய்விலும் விவாதத்திலும் கூடுதலாக ஈடுபட வேண்டும். வகுப்பில் வாயடைத்து உட்கார்ந்துவிட்டுத் தொகையை மட்டும் பெறுவது நன்றி கொல்லும் செயல் என்பது அவர் கருத்து. முஈதும் மாணவரைவிட அதிகம் உழைக்கவில்லையெனில் அவருக்கு மட்டும் கூடுதல் தொகை ஏன் என்றும் வினவுகிறார்.

அக்காலக் கல்லூரிகளில் 'காதிபுல் ஃகைபா' என்னும் அலுவலர் ஒருவர் இருந்தார். பாடத்திற்கு வராதோரின் பெயரைக் குறித்துவைப்பதே அவர் பணி. அக்குறிப்பைக் கொண்டே தொகை கழிக்கப்படும். இன்றைய வருகைப் பதிவேட்டின் மூதாதை அது. இந்த அலுவலர்க்கு ஸுப்கி அவர்கள் கூறும் அறிவுரை பொன்னெழுத்துகளில் பொறிக்கத் தக்கது. வராத ஒவ்வொருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாகாது; ஏன் வரவில்லையென விசாரிக்க வேண்டும்; தக்க காரணம் இருந்தால் அதனையும் எழுத வேண்டும். விசாரியாது எழுதினால் மாணவரின் உரிமையைப் பறித்த அநியாயம் அவரைச் சேரும். மாறாக, மாணவரிடம் அற்பப் பொருளைப் பெற்றுக்கொண்டு வராதவரை வந்ததாகக் காட்டினால், அவர் நரகப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறார்.

இரு பக்கமும் வெட்டும் இந்நீதியை வாசகர் கூர்ந்து நோக்க வேண்டும். விதி கண்டிப்பானது; ஆனால் அதனைச் செயற்படுத்துபவர்க்கு விசாரிக்கும் கடமை உண்டு. நோயுற்ற மாணவரையும் ஊர் சுற்றிய மாணவரையும் ஒரே கோலால் அளப்பது நம் முன்னோர் வகுத்த முறையன்று.

தங்கியிருப்பது தகுதியாகுமா?

இவ்விடத்தில் ஒரு வினா எழும். ஏழையென்பதனாலேயே ஒரு மாணவர்க்கு உதவி உரிமையாகிவிடுமா? அல்லது கல்லூரியில் பெயர் இருந்தாற் போதுமா? ஷாஃபி மத்ஹபின் பெருந்தூணாகிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'அல்மஜ்மூஉ' என்னும் தம் நூலில் ஜகாத் குறித்து ஆராயும்போது இதற்கு விடை தருகிறார்கள். உழைத்துச் சம்பாதிக்க ஆற்றலுள்ள ஒருவர், மார்க்கக் கல்வியில் ஈடுபட்டிருப்பதனால், சம்பாத்தியத்தில் இறங்கினால் கல்வி அறுந்துபோகும் என்ற நிலையில் இருந்தால் அவர் ஜகாத் பெறலாம். ஆனால் எவரிடம் கல்வி தேறி வரவில்லையோ, அவர் உழைக்க ஆற்றலுள்ளவராயின், மதரஸாவிலேயே தங்கியிருந்தாலும் அவருக்கு ஜகாத் ஆகுமானதன்று.

ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னர் எழுந்த இத்தீர்ப்பை இன்றைய உதவித்தொகை விதிகளுடன் வைத்துப் பார்த்தால் வியப்பு மேலிடும். தேர்வில் குறித்த மதிப்பெண் பெற்றால்தான் அடுத்த ஆண்டும் உதவி தொடரும் என இக்கால நிறுவனங்கள் கூறுவதன் உட்பொருள் இதுவேயன்றோ? உதவி மாணவனின் முகத்துக்குக் கொடுக்கப்படுவதன்று. அவனுள் வளரும் கல்விக்குக் கொடுக்கப்படுவது.

இதனை எழுதிய இமாமவர்கள் உதவித்தொகையின் அருமையை அறியாத செல்வரல்லர். சிரியாவின் நவா என்னும் சிற்றூரில் 1233இல் பிறந்து, ஹிஜ்ரி 649இல் தம் தந்தையாருடன் டமாஸ்கஸ் வந்து, ரவாஹிய்யா மதரஸாவில் தங்கிப் பயின்றவர்கள். மதரஸா அளித்த ரொட்டியே அன்னாரின் உணவு. நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாடங்களை ஆசிரியர்களிடம் ஓதி வந்தார்கள். பின்னாளில் அஷ்ரஃபிய்யா தாருல் ஹதீஸின் தலைமை ஆசிரியரானபோது அதன் ஊதியத்தைத் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. டமாஸ்கஸின் புகழ்பெற்ற கனிகளையும் உண்ணாது தவிர்த்தார்கள். அந்நகரின் தோட்டங்களில் பெரும்பகுதி வக்ஃபுக்கும் அநாதைகள் போன்றோர்க்கும் உரியன. அவை முறைப்படி நிர்வகிக்கப்படுகின்றனவா என்பதில் ஐயம் இருந்தமையே காரணம்.

தமக்கு இத்துணைக் கண்டிப்பு. பிறர்க்கோ? மாணவர் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட மதரஸாவில் உதவி பெறலாகாது என ஆட்சியாளரிடமிருந்து ஆணை வந்தபோது, கல்விமான்களுக்காகப் பரிந்து மடல் எழுதியவர்களும் இமாமவர்களே. ஸுல்தான் பைபர்ஸ் டமாஸ்கஸ் மக்களின் தோட்டங்களை முடக்கியபோதும் அஞ்சாது எழுதினார்கள். பெறுபவராக இருக்கையில் தம்மை இறுக்கிக்கொள்வதும், வழங்கும் இடத்தில் இருக்கையில் பிறர்க்கு இரங்குவதுமே அன்னாரின் வழி. நம்மிடையே இது பல வேளைகளில் தலைகீழாக இருப்பதை மறுப்பதற்கில்லை.

நிபந்தனை தவறும் இடங்கள்

நிபந்தனை என்றாலே நன்மையென நாம் கூற வரவில்லை. தவறான நிபந்தனை நயவஞ்சகத்தை வளர்க்கும். நிஜாமிய்யாவின் பத்திரம், அங்கே பணிபுரிவோர் ஷாஃபி மத்ஹபினராக இருக்க வேண்டுமென விதித்திருந்தது. பார்வையற்ற இலக்கண மேதை வஜீஹ் இப்னுத் தஹ்ஹான் ஹன்பலியாக இருந்து ஹனஃபியானார். நிஜாமிய்யாவில் இலக்கண ஆசிரியர் பதவி காலியானதும் ஷாஃபியானார். அவரை எள்ளிக் கவிஞர் ஒருவர் பாடிய பாட்டு நெடுநாள் வழங்கிற்று. கல்விக்குத் தொடர்பற்ற ஒன்றை நிபந்தனையாக்கினால், மனிதர் கல்வியை மாற்றிக்கொள்வதில்லை, சட்டையை மாற்றிக்கொள்வர்.

நிபந்தனையைப் புறக்கணித்தவர்களிடம் அதனை மீண்டும் நிலைநாட்டுவது எத்துணைக் கடினம் என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. நம் அரபு மதரஸாக்களில் ஓதப்படும் 'தஃப்ஸீர் ஜலாலைன்' நூலை நிறைவு செய்த ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள், கெய்ரோவின் பைபர்ஸிய்யா என்னும் கான்காவுக்குத் தலைவராக இருந்தார்கள். அங்கே வக்ஃபின் உதவித்தொகை பெற்று வந்தோருள் பலர் அதற்குரிய தகுதியும் ஒழுகலாறும் அற்றவரென அவர்கள் கருதித் தொகையைத் தடுத்தபோது, 1501ஆம் ஆண்டில், அவர்கள் கிளர்ந்தெழுந்து, முதிய அறிஞரென்றும் பாராது, உடுத்த உடையுடன் அவரைத் தண்ணீர்த் தொட்டியில் தள்ளினர். பதவியை இழந்த ஸுயூத்தி அவர்கள் நைல் நதியின் ரவ்ளாத் தீவில் ஒதுங்கி வாழ்ந்து 1505இல் மறைந்தார்கள். ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கொடுக்கப்பட்ட கொடை, பெறுவோர் மனத்தில் உரிமையாக உறைந்துவிடுகிறது. பின்னர்க் கணக்குக் கேட்பவர் பகைவராகிவிடுகிறார். ஆதலின் நிபந்தனையைத் தொடக்க நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவதே இரக்கம்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1264ஆம் ஆண்டில் வால்டர் டி மெர்ட்டன் நிறுவிய கல்லூரியின் அமைப்பாவணத்தை ஆராய்ந்த மோனிகா கௌடியோஸி என்னும் அறிஞர், அதன் கூறுகள் இஸ்லாமிய வக்ஃபுச் சட்டத்தை ஒத்திருப்பதாக 1988இல் எழுதினார். அதனை எல்லா அறிஞரும் ஏற்றனரென்று கூறுவதற்கில்லை. எனினும், ஆக்ஸ்ஃபோர்டின் அக்கல்லூரி தோன்றிய காலத்தில் நம் வக்ஃபுக் கல்லூரிகள் இரு நூற்றாண்டு வயதை எட்டியிருந்தன என்பது ஐயமற்ற செய்தி.

ஹூக்ளியில் நடந்தது

பக்தாதையும் டமாஸ்கஸையும் விட்டு நம் இந்தியத் திருநாட்டுக்கு வருவோம். வங்காளத்து ஹூக்ளியில் 1732இல் பிறந்த ஹாஜி முஹம்மது முஹ்ஸின் மணம் புரியாது வாழ்ந்த அறச்செல்வர். தம் சகோதரியிடமிருந்து வந்த பெருஞ்சொத்தை 1806இல் வக்ஃபாக எழுதிவைத்தார். வருமானத்தை ஒன்பது பங்காக்கி, மூன்றினைச் சமயப் பணிகளுக்கும், இரண்டினை இரு முத்தவல்லிகளுக்கும், நான்கினை ஊதியங்கள், உதவிகள் ஆகியவற்றுக்கும் வகுத்தார். 1812இல் அவர் மறைந்தபின் முத்தவல்லிகள் மீது முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. கம்பெனி அரசு நிர்வாகத்தைக் கையேற்றது. வழக்குகள் நீண்டன, பணம் தேங்கிப் பெருகிற்று. அப்பணத்தைக் கொண்டு 1836இல் ஹூக்ளிக் கல்லூரி நிறுவப்பட்டது.

கல்லூரி எழுந்தது நன்மையே. பங்கிம் சந்திரர் போன்ற பெரியார் அங்கே கற்றனர். ஜஸ்டிஸ் அமீர் அலி அவர்களும் அங்கே பயின்றவரே. எந்தச் சமயத்து மாணவர் கற்றாலும் கல்வி கல்விதான். ஆனால் ஒரு முஸ்லிம் பெரியார் தம் மார்க்க அறத்துக்கென விட்டுச் சென்ற பொருளில் நடந்த அக்கல்லூரியில் முஸ்லிம் மாணவர் மிகச் சிலராகவே இருந்தனர் என்பதை, 1871இல் ஹண்டர் தம் நூலில் ஓர் அநீதியாகவே எடுத்துக்காட்டினார். 1873இல் வங்க அரசு தன் போக்கை மாற்றிக்கொண்டது. கல்லூரிச் செலவை அரசு தன் கணக்கில் ஏற்றுக்கொள்ள, முஹ்ஸின் நிதி முஸ்லிம்களின் கல்விக்கெனத் திருப்பப்பட்டது. டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாஹி ஆகிய இடங்களில் மதரஸாக்கள் எழுந்தன. ஆங்கிலப் பள்ளி, கல்லூரிகளில் படிக்கும் முஸ்லிம் மாணவரின் கட்டணத்தில் மூன்றில் இரு பங்கை அந்நிதி செலுத்தியது. எஞ்சிய ஒரு பங்கை மாணவரின் குடும்பம் செலுத்த வேண்டும்.

முத்தவல்லி தவறினால் அரசு நுழையும். அரசு நுழைந்தால் கொடையாளியின் கருத்து நெடுங்காலம் மறக்கப்படும். கணக்கைச் செவ்வனே வைத்திருந்தால் இவ்வளவு ஆண்டுகள் வீணாகியிரா என்பதே ஹூக்ளி தரும் படிப்பினை.

நம் கடமை

தமிழகத்தில் நம் சமுதாயம் கல்விக் கொடையில் பின்தங்கியதன்று. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை நியூ காலேஜும் 1951இலும் எழுந்தன. இவையெல்லாம் செல்வர் சிலரும் சாமானியர் பலரும் கூடி வளர்த்த அறங்கள். 2006இல் வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கை முஸ்லிம்களின் கல்வி நிலையை நாட்டுக்கு உணர்த்திய பின்னர், மைய அரசு 2007-08இல் சிறுபான்மையினர்க்குப் பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகையை அறிமுகப்படுத்தியது. முந்தைய தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண், பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டு இலட்சத்துக்கு மேற்படாமை, ஒரு குடும்பத்தில் இருவருக்கு மேல் இல்லை, மாணவியர்க்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு, வேறு உதவித்தொகை பெறாமை, ஒழுங்கான வருகை, பொய்த் தகவல் தந்திருந்தால் தொகையைத் திருப்பிச் செலுத்துதல். இவை அத்திட்டம் விதித்த நிபந்தனைகள். ஸுப்கியும் நவவியும் இவற்றைப் படித்திருந்தால் அந்நியமென எண்ணியிருக்க மாட்டார்கள்.

இந்நிபந்தனைகளுள் வருமானச் சான்று ஒன்றைப் பற்றி மட்டும் நம் குடும்பங்களிடம் மனம் திறந்து கூற விழைகிறோம். கடை வைத்து வளமாக வாழ்வோரும், வெளிநாட்டிலிருந்து மாதந்தோறும் பணம் வரப்பெறுவோரும், சொற்ப வருமானம் காட்டிச் சான்று வாங்கும் வழக்கம் ஆங்காங்கே உண்டு. "அரசாங்கப் பணந்தானே", "அறக்கட்டளைப் பணந்தானே" என்று சமாதானமும் கூறிக்கொள்கிறார்கள். இடங்கள் எண்ணப்பட்டவை, தொகையும் எண்ணப்பட்டது. தகுதியற்ற ஒருவர் பெறும்போது, எங்கோ ஓர் ஊரில் பீடி சுற்றியோ பாய் நெய்தோ மகளைப் படிக்கவைக்கும் ஒரு தாயின் படிவம் தள்ளப்படுகிறது. அத்தாயை நாம் அறியமாட்டோம், அல்லாஹ் அறிவான். அப்பொய்யைத் தந்தை எழுத, மகன் கையொப்பமிட்டுக் கல்வியைத் தொடங்குகிறான். அவன் கற்கும் முதற்பாடம் எதுவாக இருக்குமென எண்ணிப் பாருங்கள்.

உதவி வழங்கும் ஜமாஅத்துகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சில சொற்கள். நிபந்தனைகளை எழுதி, படிவத்துடனேயே கொடுங்கள். மதிப்பெண் குறைந்த மாணவனைக் கண்டதும் பெயரை அடித்துவிடாதீர்கள். காதிபுல் ஃகைபாவுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை நினைந்து, ஏன் குறைந்ததென அழைத்துக் கேளுங்கள். தந்தை நோயுற்றிருக்கலாம், மாணவன் இரவில் கடையில் வேலை பார்க்கலாம். அவன் கற்க முயல்கிறானா என்பதே கேள்வி. முயல்பவனுக்கு மேலும் ஒரு வாய்ப்பளியுங்கள். முயலாதவனுக்குத் தருவதை நிறுத்திக் காத்திருப்பவனுக்குக் கொடுங்கள். கல்லூரி கட்டணம் கேட்கும் நாளில் தொகை சென்று சேரட்டும். ஆண்டிறுதியில் சேர்ந்து பயனென்ன? மேடையில் நிறுத்திப் படம் பிடிப்பதை நிபந்தனைகளோடு சேர்க்காதீர்கள். அதற்கு ஃபிக்ஹில் இடமில்லை.

உதவி பெறும் மாணவ மாணவியர்க்கும் ஒன்று கூற வேண்டும். நீங்கள் யாருடைய தயவிலும் வாழவில்லை. இமாம் கஸ்ஸாலியும் இமாம் நவவியும் உண்ட ரொட்டியைத்தான் நீங்களும் உண்கிறீர்கள். தம் 'பூஸ்தான்' நூலில், தாம் நிஜாமிய்யாவின் உதவித்தொகை பெற்றுப் பயின்றதை மகாகவி ஸஅதி வெட்கமின்றிக் குறிப்பிடுகிறார். நீங்களும் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த ரொட்டிக்கு விலை உண்டு. அது நாள்தோறும் பாடத்துக்குச் செல்வதும், கருத்தூன்றிக் கற்பதும், நிலைமை மாறி வசதி வந்துவிட்டால் தாமே முன்வந்து, "எனக்கு இனி வேண்டாம், அடுத்தவருக்குக் கொடுங்கள்" எனச் சொல்வதுமாகும். இவ்வாண்டு படிவம் நிரப்ப அமரும் பெற்றோர், வருமானம் என்ற கட்டத்தில் உண்மையை எழுதிவிட்டு மற்றவற்றை அல்லாஹ்விடம் ஒப்படைப்பார்களாக.